நெகட்டிவ் ரிப்போர்ட் எத்தனை நாளைக்குச் செல்லும்?



நம்ம இதழில் வழக்கமாக சர்க்யூட், கோடிங், பிளேஸ்மென்ட் பற்றித்தான் அதிகம் வரும். இந்த முறை கொஞ்சம் ஆடு, மாடு பக்கம் போகலாம். "இன்ஜினியரிங் காலேஜ்ல மாட்டு டாக்டர் பாடமா?"ன்னு கேக்காதீங்க. குவாலிட்டி கன்ட்ரோல், ரிலயபிலிட்டி, ப்ராபபிலிட்டி படிக்கிறவங்களுக்கு இது ரொம்ப நல்ல கேஸ் ஸ்டடி.

விஷயம் கேட்க எளிமையாக இருக்கும். பூச்சி பரப்பும் ஒரு நோய் ஒரு பகுதியில் இருக்கு. அங்கிருந்து மாட்டை வேற ஊருக்குக் கொண்டுபோகணும். லாரியில் ஏத்துறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றாங்க. நெகட்டிவ் வந்தா அனுப்பலாம், பாசிட்டிவ் வந்தா நிறுத்தலாம். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. அந்த "நெகட்டிவ்" என்ற ஒரு வார்த்தை எதைச் சொல்லுது, எதைச் சொல்லாம விடுது, எத்தனை நாளைக்கு அதை நம்பலாம்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

முதலில் நோய்

நோயின் பெயர் நீலநாக்கு நோய். வெளிநாட்டில் புளூடங்க் என்பார்கள். செம்மறி ஆடு, வெள்ளாடு, மாடு, மான் போன்ற அசை போடும் விலங்குகளுக்கு வரும். மனுஷங்களுக்கு வராது. செம்மறி ஆட்டுக்குத்தான் பாதிப்பு அதிகம்: காய்ச்சல், முகம் வீக்கம், வாயில் புண், எச்சில் வடிதல், நொண்டுதல், சில சமயம் சாவு. நாக்கு நீலமாக மாறுவது எப்போதாவதுதான், ஆனா பெயர் அதிலிருந்துதான் வந்தது.

மாட்டின் கதை வேற. பல மாடுகள் வைரஸை ரத்தத்தில் வச்சுக்கிட்டு, வெளியே ஒண்ணுமே காட்டாமல் நல்லாப் புல் மேயும். கண்ணால் பார்த்து ஓகே சொல்ல முடியாது. அதனால்தான் ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கு.

பரப்புவது கியூலிகாய்ட்ஸ் என்ற பூச்சி. பார்க்கக் கொசு மாதிரி, ஆனா கொசு இல்லை. 1 முதல் 3 மி.மீ. நீளம்தான், சாதாரணக் கொசுவலையின் ஓட்டையில் நுழைந்துவிடும். சாணி கலந்த ஈரமண், சேறு இதெல்லாம் அதுக்குப் பிடிச்ச இடம். நோய் உள்ள மாட்டைக் கடித்ததும் வைரஸ் பூச்சியின் உடம்புக்குள் போய்ப் பெருகும். அதுக்குச் சில நாட்கள் ஆகும், குளிர் அதிகமானால் வாரக்கணக்கில் இழுக்கும். சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வைரஸ் பெருகவே பெருகாது. பெருகிய பிறகு அந்தப் பூச்சி அடுத்த மாட்டைக் கடித்தால் தொற்று.

ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு நேரடியாக ஒட்டுவது மிகவும் குறைவு. நடுவில் பூச்சி வேணும். பூச்சி தானாகப் பறந்து போகும் தூரம் கொஞ்சம்தான். ஆனா மாடு லாரியில் ஒரே ராத்திரியில் 500 கிலோமீட்டர் போகும். போய் இறங்கிய ஊரில் உள்ள பூச்சிகள் அதைக் கடிச்சா, அங்கே ஒரு புது மையம் ஆரம்பம். மாட்டை நகர்த்துறது என்றால் வைரஸையும் நகர்த்துவதாக ஆகிவிடலாம். டெஸ்ட் வந்த காரணம் இதுதான்.

இங்கிலாந்தில் நடந்தது

இந்த நோய் ரொம்ப காலம் வெப்ப நாடுகளின் பிரச்சினையாகத்தான் இருந்தது. 2006 ஆகஸ்டில் நெதர்லாந்தில் 8-ஆம் வகை வைரஸ் தலைகாட்டியது. வட ஐரோப்பாவில் அதுவரை வந்ததில்லை. அடுத்த வருஷமே இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக்கு வந்தது. 2008-ல் தடுப்பூசி போட்டுக் கட்டுப்படுத்தினார்கள்.

பிறகு 2023 செப்டம்பரில் நெதர்லாந்தில் 3-ஆம் வகை வந்தது. நவம்பரில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கேன்டர்பரி பக்கம் ஒரு மாட்டிடம் அது பிடிபட்டது. வழக்கமான வருடாந்திரக் கண்காணிப்பு டெஸ்டில்தான் தெரிய வந்தது. அந்தக் குளிர்காலத்தில் மொத்தம் 126 தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2024 ஆகஸ்டில் நார்ஃபோக்கில் மறுபடியும் ஆரம்பித்தது. கிழக்குப் பகுதிகளைக் கட்டுப்பாட்டு மண்டலம் என்று அறிவித்தார்கள். மண்டலத்துக்குள்ளிருந்து வெளியே உயிரோடு மாட்டை அனுப்பணும்னா லைசென்ஸ், ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்தது. சாம்பிள் பிர்பிரைட் ஆய்வகத்துக்குப் போகும்.

விவசாயி பக்கம் நின்று யோசிச்சுப் பாருங்க. விற்ற மாடு தொழுவத்தில் நிற்குது. வாங்கினவர் காத்திருக்கிறார். ரிப்போர்ட் வரும் வரைக்கும் தீனி செலவு இவருடையது. ஒரு மாட்டுக்குப் பாசிட்டிவ் வந்தாலும் வியாபாரம் நின்றுபோகும். இன்னொரு பக்கம், டெஸ்ட் இல்லாமல் விட்டால் நோய் இல்லாத ஊரின் ஆட்டுமந்தை போயிடும். ரெண்டு பக்கமும் ஒருத்தரோட பிழைப்பு இருக்கு. அதனால் டெஸ்ட் எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வி வெறும் தியரி கிடையாது.

ரெண்டு வகை டெஸ்ட்

ஒன்று, பிசிஆர். கோவிட் காலத்தில் எல்லாருக்கும் பழக்கமான பெயர். ரத்தத்தில் வைரஸின் ஆர்என்ஏ இருக்கான்னு தேடும். தொற்று ஏற்பட்டுச் சில நாட்களிலேயே பிடித்துவிடும்.

இரண்டாவது, எலைசா. இது வைரஸைத் தேடாது. வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியைத் தேடும். உடம்பு அதைத் தயாரிக்க நேரம் எடுக்கும், அதனால் தாமதமாகத்தான் காட்டும். ஆனா ஒருமுறை வந்தால் ரொம்ப நாள் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், பிசிஆர் "இப்ப வைரஸோட ஆர்என்ஏ இருக்கா?" என்று கேட்குது. எலைசா "முன்னாடி எப்பவாவது வந்துச்சா?" என்று கேட்குது. கேள்வி வேற, அதனால் பதிலின் அர்த்தமும் வேற.

ஒரு சின்னக் கணக்கு

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உண்மையான எண் இடத்துக்கும் பருவத்துக்கும் ஏத்தபடி மாறும்.

ஒரு பண்ணையில் 40 மாடுகள். பூச்சி சீசன். ஒரு மாட்டுக்கு ஒரு நாளில் தொற்று ஏற்பட 1000-ல் 1 வாய்ப்பு என்று வைப்போம். தொற்றி 4 நாள் ஆன பிறகுதான் பிசிஆர் காட்டும் என்றும் வைப்போம். திங்கள்கிழமை ரத்தம் எடுத்தார்கள். 40-க்கும் நெகட்டிவ். லாரி சனிக்கிழமை கிளம்புது.

சாம்பிள் எடுத்த நாளுக்கும் லாரிக்கும் நடுவில் 5 நாள். அந்த 5 நாளும் மாடுகள் வெளியேதான் மேய்ந்தன, பூச்சியும் கடித்தது. அதோட, சாம்பிளுக்கு முந்தைய 4 நாளில் தொற்றியிருந்தால் டெஸ்டில் தெரியாது. ஆக மொத்தம் 9 நாள் டெஸ்ட் பார்க்காத நாட்கள்.

வேலைக்கு ஆள்-நாள் கணக்கு போடுவோமே, அதுமாதிரி இங்கே மாடு-நாள் கணக்கு: 40 × 9 = 360. இந்த 360-லும் ஒரு தொற்றுகூட ஏற்படாமல் இருக்க வாய்ப்பு, 0.999-ஐ 360 தடவை பெருக்கினால் வருவது. சுமார் 0.70. அதாவது, எல்லாத்துக்கும் நெகட்டிவ் ரிப்போர்ட் கையில் இருந்தும், லாரியில் குறைந்தது ஒரு மாட்டுக்காவது தொற்று இருக்க 30 சதவீத வாய்ப்பு இருக்கு. பத்து லாரிக்கு மூணு!

இதைக் குறைக்க என்ன செய்யலாம்? நமக்கு முதலில் தோன்றுவது, இன்னும் நல்ல மெஷின் வாங்கலாம் என்பதுதான். இந்தக் கணக்கில் டெஸ்ட் ஏற்கெனவே 100 சதவீதம் சரியாகத்தான் வேலை செய்யுது. மெஷினை மாத்தினாலும் 30 அப்படியேதான் நிற்கும்.

சாம்பிளுக்கும் லாரிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை 5 நாளிலிருந்து 1 நாளாக்கினால்? 40 × 5 = 200 மாடு-நாள். தொற்றுள்ள மாடு லாரியில் ஏறும் வாய்ப்பு சுமார் 18 சதவீதமாகக் குறையும்.

9 நாள் அப்படியே இருக்கட்டும், ஆனா அத்தனை நாளும் மாடுகளை வலை அடித்த, மருந்து தெளித்த கொட்டகைக்குள் வைத்துப் பூச்சிக்கடியைப் பத்தில் ஒன்றாக்கினால்? சுமார் 3.5 சதவீதம்.

ஆக, ரிசல்ட் ஆய்வகத்துக்கு வெளியேதான் அதிகம் தீர்மானமாகுது: எத்தனை நாள் இடைவெளி, அந்த நாட்களில் மாட்டைப் பூச்சி கடித்ததா, இல்லையா. ரிப்போர்ட் சொல்வது ரத்தம் எடுத்த அந்த நேரத்தைப் பற்றி, அதுவும் ஒரு சில நாள் பின்தங்கி. லாரி கிளம்பும் நேரத்தைப் பற்றி அது ஒண்ணும் சொல்லாது.

14, 28, 60

உலக விலங்கு நல அமைப்பு, நோய் உள்ள பகுதியிலிருந்து விலங்குகளை அனுப்ப சில வழிகளைச் சொல்லியிருக்கு. அதில் மூணு இங்கே:

1. பூச்சி புகாத இடத்தில் குறைந்தது 14 நாள் வைத்து, 14 நாள் முடிந்தபின் பிசிஆர் செய்து நெகட்டிவ் வரணும்.

2. பூச்சி புகாத இடத்தில் குறைந்தது 28 நாள் வைத்து, 28 நாள் முடிந்தபின் ஆன்டிபாடி டெஸ்ட் செய்து நெகட்டிவ் வரணும்.

3. பூச்சி புகாத இடத்தில் குறைந்தது 60 நாள் வைத்தால் டெஸ்டே வேண்டாம்.

மூணிலும், கொண்டுபோகும் வழியிலும் பூச்சி கடிக்காமல் பார்த்துக்கணும்.

முதல் தடவை பார்த்தால் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் மாதிரித் தெரியும். ஆனா மேலே பார்த்த கணக்கு புரிந்தால் மூணுமே தானாக விளங்கும். உள்ளே வந்த பிறகு புதுத் தொற்று கிடையாது. உள்ளே வருவதற்கு முந்தின நிமிஷம் தொற்றியிருந்தாலும், 14 நாளில் பிசிஆருக்குத் தெரிந்துவிடும். ஆன்டிபாடி உருவாக நேரம் அதிகம், அதனால் 28. டெஸ்டே இல்லாவிட்டால், தொற்றியிருந்த மாட்டின் ரத்தத்தில் பரப்பக்கூடிய வைரஸ் தீரும் வரை காத்திருக்கணும். அந்தக் காலத்தை 60 நாள் என்று அந்த அமைப்பு வைத்திருக்கு. டெஸ்ட் காத்திருப்பைக் குறைக்குது, அவ்வளவுதான். காத்திருப்பே இல்லாமல் செய்ய அதால் முடியாது.

பாசிட்டிவ் வந்தாலும் சிக்கல்

இதுவரை நெகட்டிவ் பற்றிப் பேசினோம். பாசிட்டிவும் நேரான பதில் இல்லை.

இந்த வைரஸ் சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொள்ளும். மாட்டின் சிவப்பணு மாதக்கணக்கில் உயிரோடு சுற்றும். பரப்பும் திறன் உள்ள வைரஸ் போன பிறகும், அதன் ஆர்என்ஏ துண்டுகள் அந்த அணுக்களோடு இருந்துகொண்டே இருக்கும். பிசிஆர் அதையும் பிடிக்கும். ஆகவே ஆகஸ்டில் தொற்றிய ஒரு மாடு டிசம்பரில் பாசிட்டிவ் காட்டலாம். பூச்சிக்கு அதிலிருந்து வைரஸ் கிடைக்காது, ஆனா காகிதத்தில் அது நோயாளி. மாடு நகராது, காசும் வராது. இதுக்கு விவசாயி கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கு.

எலைசாவில் வேற தொல்லை. தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் ஆன்டிபாடி வரும். வழக்கமான எலைசாவால் அது ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒழுங்காக ஊசி போட்ட விவசாயிதான் அந்த டெஸ்டில் பாசிட்டிவ் வாங்குவார்.

டெஸ்ட் கேட்காத கேள்வி

2008 தொடக்கத்தில் நெதர்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குச் சினைக் கிடேரிகள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு ஆன்டிபாடி இருந்தது. அதாவது முன்னாடி நோய் வந்து குணமானவை. பிசிஆர் நெகட்டிவ். விதிப்படி எல்லாம் சரி. ஆனா அவற்றில் சில ஈன்ற கன்றுகளின் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. தாயின் வயிற்றிலேயே கன்றுக்குத் தொற்றியிருந்தது. அதுவரை வட அயர்லாந்தில் இந்த நோய் இருந்ததில்லை.

தாயின் ரத்தத்தைப் பற்றி அந்த டெஸ்ட் சொன்னது உண்மைதான். கன்றைப் பற்றி யாரும் அதைக் கேட்கவில்லை. நாம் ஒரு போர்டை டெஸ்ட் பண்ணும்போதும் இதேதான்: டெஸ்ட் பாயின்ட் வைக்காத இடத்தில் இருக்கும் ஃபால்ட், "பாஸ்" ரிப்போர்ட்டோடு சேர்ந்தே கஸ்டமர் கைக்குப் போகும்.

இன்னொன்று காற்று. 2007-ல் சஃபோக்குக்கு வந்த வைரஸ், ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ராத்திரி கடல் தாண்டிக் காற்றில் அடித்துவரப்பட்ட பூச்சிகள் மூலம் வந்திருக்கணும் என்றுதான் வானிலைத் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். துறைமுகத்தில் எத்தனை மாட்டுக்கு ரத்தம் எடுத்தாலும் காற்றுக்கு எடுக்க முடியாது இல்லையா?

கோடு இருக்கும் வரைதான் டெஸ்ட்

"அப்போ எல்லா இடத்திலும் இந்த டெஸ்டைக் கட்டாயமாக்கலாமே?" என்று தோணலாம். இங்கிலாந்தே அதுக்குப் பதில் சொல்லியிருக்கு. 2025 ஜூலை 1 முதல் இங்கிலாந்து முழுவதும் ஒரே கட்டுப்பாட்டு மண்டலம். நாட்டுக்குள் மாட்டை நகர்த்த இந்த டெஸ்ட் தேவையில்லை என்றாகிவிட்டது. நோய் எங்கும் பரவும் நிலையில் நகர்வைத் தடுப்பதில் நஷ்டம்தான் அதிகம், தடுப்பூசிதான் வழி என்று முடிவு செய்தார்கள்.

பக்கத்தில் உள்ள வேல்ஸ் அப்போது சம்மதிக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வரும் ஆடு மாடுகளுக்கு டெஸ்ட் கட்டாயம் என்று பிடித்தது. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் நிலம் உள்ளவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஆனா கோடைக்காலம் முழுக்க அந்தக் கோட்டைக் காப்பாற்றியதால் வேல்ஸ் விவசாயிகளுக்கு ஊசி போட அவகாசம் கிடைத்தது என்றும் வாதிடலாம். 2025 நவம்பர் 10 அன்று வேல்ஸும் ஒரே மண்டலத்தில் சேர்ந்தது. டெஸ்டும் போனது.

சுத்தமான பக்கம், தொற்றுள்ள பக்கம் என்று நடுவில் ஒரு கோடு இருக்கும் வரைதான் இந்த டெஸ்டுக்கு வேலை. கோடு அழிந்தால் அதே டெஸ்ட் வெறும் செலவு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் நீலநாக்கு நோய் புதுசு கிடையாது, இங்கேயே நிலைத்துவிட்ட நோய். நம்ம சமவெளியில் 12 டிகிரிக்குக் கீழே போகும் குளிர்காலமே இல்லை, பூச்சிக்கு லீவே கிடையாது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் செம்மறி மந்தைகளில் நோய் அதிகம் தெரியும். தீபாவளி வருவதும் அந்த நேரத்தில்தான். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தை, எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை என்று ஆடுகள் ஊர் விட்டு ஊர் அதிகமாகப் போவதும் அப்போதுதான்.

அதுக்காகச் சந்தை வாசலில் பிசிஆர் வைக்க முடியுமா? கிளம்பும் ஊரிலும் வைரஸ், இறங்கும் ஊரிலும் வைரஸ். மேலே பார்த்தபடி, கோடு இல்லாத இடம். இங்கே பயன் தருவது தடுப்பூசிதான். 1, 2, 10, 16, 23 என்ற ஐந்து வகைகளுக்கும் சேர்த்து ஒரே ஊசி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. அந்த ஆய்வில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. வைரஸில் 24-க்கும் மேல் வகைகள் இருக்கு, ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் ஐந்து வகை. மழைக்கு முன்னாடியே ஊசி, கொட்டகையைச் சுற்றிச் சேறு தேங்காமல் பார்ப்பது, புதுசாக வாங்கிய ஆட்டைக் கொஞ்ச நாள் தனியாகக் கட்டிக் கவனிப்பது. கேட்க ஹைடெக்காக இருக்காது, ஆனா இந்த இடத்துக்கு இதுதான் சரியான டிசைன்.

நமக்கு என்ன இருக்கு இதில்?

நம்மில் பலர் நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் டெஸ்டிங் டீமில் உட்காரப் போறோம். சாஃப்ட்வேரோ, வால்வோ, பேட்டரியோ, ஒரு "பாஸ்" ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவோம். அதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டுப் பழகினால் நல்லது:

இந்த டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுது?
சாம்பிள் எப்போ எடுத்தது, அதுக்கப்புறம் என்ன மாறியிருக்கலாம்?
டெஸ்டுக்குத் தெரியாத காலம் எவ்வளவு, தெரியாத இடம் எது?
தப்பான ரிசல்ட் வந்தால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்?

கடைசிக் கேள்வியை நாம் அடிக்கடி விட்டுவிடுவோம். ஒரு லாரி மாட்டுக்கு நெகட்டிவ் என்று எழுதும்போது, போய்ச் சேரும் ஊரில் ஒருத்தர் தன் மந்தையோடு அவற்றைச் சேர்த்துவிடப் போகிறார். அவர் அந்த மாட்டைப் பார்த்ததில்லை, அந்த ஆய்வகத்தையும் பார்த்ததில்லை. அவர் கையில் இருப்பது அந்த ஒரு காகிதம்தான். அதில் "நெகட்டிவ்" என்ற வார்த்தைக்குப் பக்கத்தில், ரத்தம் எடுத்த தேதியையும் அவர் படிக்கணும். அந்தத் தேதிக்கும் லாரி கிளம்பிய தேதிக்கும் நடுவில் எத்தனை நாள், அந்த நாட்களில் மாடு எங்கே நின்றது என்றும் கேட்கணும்.